கனடாவில் முதல் புகைக்கோடை: புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கனடாவுக்கு வந்து சேர்ந்த முதல் மாதங்களில் குளிரைப் பற்றி எல்லோரும் சொல்லித் தருவார்கள். எந்தச் சப்பாத்து வழுக்காது, எத்தனை அடுக்கு உடுப்புப் போடவேண்டும், வாசற்படிக்கு எப்போது உப்புத் தூவவேண்டும் என்பதெல்லாம் முதற்பனி விழுமுன்னரே காதில் விழுந்துவிடும். கோடையில் வரும் காட்டுத்தீப் புகையைப் பற்றி மட்டும் பெரும்பாலும் யாரும் வாய் திறப்பதில்லை. இருபது முப்பது ஆண்டுகளாக ரொறன்ரோவில் இருப்பவர்களுக்கே அது அண்மையில்தான் அறிமுகமானது என்பதே அதற்குக் காரணம்.

2023ஆம் ஆண்டில் கனடா முழுவதும் எரிந்த நிலம் ஏறத்தாழ 1.5 கோடி ஹெக்டேர். இலங்கைத் தீவை இரண்டு முறை விரித்துப் போட்டாலும் அந்தப் பரப்பை மூட முடியாது. அந்த ஆண்டு ஜூன் முதல் வாரத்தில் கியூபெக் காடுகளில் எழுந்த புகை ஒட்டாவாவையும் கிங்ஸ்ரனையும் ரொறன்ரோவையும் மூடிக்கொண்டு தெற்கே இறங்கி, 7ஆம் திகதி நியூயோர்க்கின் வானத்தைச் செம்மஞ்சளாக்கியது. அதே மாதக் கடைசியில் மொன்றியலும் ரொறன்ரோவும் உலகிலேயே மிக மோசமான காற்றுடைய பெருநகரங்களின் வரிசையில் சில நாட்கள் நின்றன. 2025ஆம் ஆண்டிலும் மனிற்றோபா, சஸ்கச்சுவான் மாகாணங்களின் தீக்கள் ஆயிரக்கணக்கானோரை வீட்டைவிட்டு வெளியேற்றியதோடு, பல நூறு கிலோமீற்றர் தள்ளியிருந்த எங்கள் வானத்தையும் மங்கச் செய்தன. ஆகவே பனிக்காலத்துக்குத் தயாராவதுபோலப் புகைக்கும் தயாராகவேண்டும். ஒன்ராறியோவில் சட்டப்படி தீப்பருவம் ஏப்ரல் 1 முதல் ஒக்ரோபர் 31 வரை என்பதால், ஏற்பாடுகளை மே மாதத்துக்குள் முடித்துக்கொள்வது நல்லது.

எனக்கு இது பட்டுத் தெரிந்த பாடம். 2023 ஜூனில் யன்னல்கள் எல்லாவற்றையும் பூட்டி, வாசற்கதவின் அடியில் ஈரத்துவாயை நீளவாக்கில் சுருட்டிவைத்துவிட்டு நிம்மதியாக இருந்தேன். இரண்டாம் நாள் காலையிலும் வீட்டுக்குள் விறகடுப்பு மணம் குறையவில்லை. உடுப்புத் தோய்க்கப் பேஸ்மன்றுக்கு இறங்கியபோதுதான் மூலையில் ஒரு பெட்டி மெதுவாக இரைந்துகொண்டிருப்பது கண்ணில் பட்டது. வெளிக்காற்றை உள்ளே இழுத்துப் பழைய காற்றை வெளியே தள்ளும் எச்.ஆர்.வி. என்ற அந்தக் காற்றோட்டப் பெட்டியின் வேலையே அதுதான். இரவு முழுவதும் அது தன் கடமையைத் தவறாமல் செய்து புகையை வீட்டுக்குள் அழைத்து வந்திருக்கிறது. யன்னலைப் பூட்டுவது பாதி வேலைதான் என்பதை அன்றைக்கு விளங்கிக்கொண்டேன். மீதிப் பாதியைப் பற்றியதே இக்கட்டுரை.

முதலாவது படி: எண்ணைப் பார்க்கப் பழகுங்கள்

வானத்தைப் பார்த்து முடிவெடுக்கவேண்டாம். சில நாட்களில் புகை பல கிலோமீற்றர் உயரத்தில் மிதந்து செல்லும்; சூரியன் குங்குமப்பொட்டுப் போலத் தெரியும், ஆனால் நிலமட்டத்தில் காற்று நன்றாகவே இருக்கும். வேறு நாட்களில் வானம் வெறும் மேகமூட்டம்போலத் தோன்றும். புகையோ மூச்சுவிடும் உயரத்துக்கு இறங்கியிருக்கும். மூக்கையும் நம்ப முடியாது, ஏனெனில் அரை மணி நேரத்தில் அது அந்த மணத்துக்குப் பழகிவிடும்.

கனடாவில் வானொலியிலும் அரசின் வெதர்கேன் செயலியிலும் சொல்லப்படுவது காற்றுத்தரச் சுகாதாரக் குறியீடு. இது 1 முதல் 10 வரை போகும். அதற்கு மேல் போனால் 10+ என்று காட்டுவார்கள். 1 முதல் 3 வரை குறைந்த ஆபத்து, 4 முதல் 6 வரை நடுத்தரம், 7 முதல் 10 வரை அதிகம், 10+ மிக அதிகம். சென்னையிலிருந்தோ டெல்லியிலிருந்தோ வந்தவர்கள் இங்கேதான் தடுமாறுகிறார்கள். அங்கே 500 வரை போகும் எண்ணைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு 8 என்பது ஒன்றுமே இல்லாததுபோலத் தெரியும். அத்துடன் கைப்பேசியில் ஏற்கெனவே இருக்கும் வேறு செயலிகள் அமெரிக்க முறையில் 160 என்று காட்டிப் பயமுறுத்தும். காற்று ஒன்றுதான், அளக்கும் அடிமட்டம்தான் வேறு.

எல்லா அடிமட்டங்களுக்கும் பொதுவான ஓர் அளவு உண்டு. பி.எம். 2.5 என்பது 2.5 மைக்ரோமீற்றரோ அதற்குக் குறைவோ விட்டமுள்ள நுண்துகள். தலைமுடியின் தடிப்பில் இருபதில் ஒரு பங்கும் வராத இந்தத் துகள்தான் நுரையீரலின் கடைக்கோடி வரை போய்ச் சேருவது. ஒரு கனமீற்றர் காற்றில் அது 62 மைக்ரோகிராம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நாள் முழுவதும் அப்படியே நீடித்தால் இந்திய முறையில் 100ஐச் சற்றுத் தாண்டிய எண்ணும் ‘மிதம்’ என்ற பெயரும் கிடைக்கும். அமெரிக்க முறையில் அதே காற்று 150ஐத் தாண்டி, எல்லோருக்கும் ஆரோக்கியக் கேடு என்ற சிவப்பு நிறத்துக்குப் போய்விடும். உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட வழிகாட்டலின்படி 24 மணி நேரச் சராசரி 15ஐத் தாண்டக்கூடாது. ஊரில் இதைவிட மோசமான காற்றில் வாழ்ந்தோம், ஒன்றும் ஆகவில்லை என்ற பேச்சைக் கோயில் மண்டபத்திலும் கேட்டிருக்கிறேன், கலியாணவீட்டிலும் கேட்டிருக்கிறேன். ஒன்றும் ஆகவில்லை என்பதை அவர்கள் எந்த மருத்துவப் பரிசோதனையில் கண்டுபிடித்தார்கள் என்று கேட்கத்தான் எனக்குத் துணிவு வந்ததில்லை.

கனடியக் குறியீட்டிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. அது நைதரசன் ஈரொட்சைட்டு, ஓசோன், பி.எம். 2.5 ஆகிய மூன்றின் மூன்று மணி நேரச் சராசரியிலிருந்து கணிக்கப்படுவது. நகரத்து வாகனப் புகைக்கு அது பொருந்தும்; காட்டுத்தீப் புகையோ ஒரு மணி நேரத்துக்குள் மூன்று மடங்காகிவிடக்கூடியது. அதனால் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் புகைநாட்களில் ஒரு மணி நேர பி.எம். 2.5 அளவை 10ஆல் வகுத்து, வரும் விடையை மேல்நோக்கி முழு எண்ணாக்குகிறது. மேலே சொன்ன 62 இந்தக் கணக்கில் 7 ஆகும். எந்த மாகாணத்தில் இருந்தாலும் மனக்கணக்காகச் செய்து பார்க்க இது எளிதான வழி.

வீட்டுக்கு அருகிலுள்ள அளவை அறிய, ஏர்நவ் என்ற அமெரிக்க அரசு அமைப்பின் தீ மற்றும் புகை வரைபடம் மிகவும் பயன்படும். தனியார் வீடுகளில் பொருத்தப்பட்ட சிறிய கருவிகளின் அளவுகளையும் திருத்தம் செய்து கனடாவுக்கும் சேர்த்துக் காட்டுகிறது. நாளைக்குப் புகை எங்கே போகும் என்று பார்க்க ஃபயர்ஸ்மோக் கனடா என்ற இணையத்தளம் உண்டு. முன்கணிப்பைத் திட்டமிடுவதற்கும், கருவியின் அளவை முடிவெடுப்பதற்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது படி: புகை வருமுன் வாங்கவேண்டியவை

வானம் மஞ்சளானபின் கடைக்குப் போனால் தட்டுகள் வெறுமையாக இருக்கும். மே மாதத்திலேயே மூன்று பொருட்களை வாங்கி வையுங்கள்.

முதலாவது, என்95 முகக்கவசம், ஆளுக்கு நாலைந்து. துணிக்கவசமும் நீல நிறச் சத்திரசிகிச்சைக் கவசமும் புகைத்துகளுக்கு மிகக் குறைவாகவே உதவும். இரண்டாவது, வீட்டின் சூடாக்கிக்கு, அதாவது ஃபேர்னஸுக்கு, மேர்வ் 13 தர வடிகட்டி; மேர்வ் என்பது வடிகட்டி துகளைப் பிடிக்கும் திறனைக் காட்டும் தர எண். ஏற்கெனவே இருக்கும் வடிகட்டியின் சட்டத்தில் அச்சிட்டிருக்கும் நீள, அகல, தடிப்பைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். அரை அங்குலம் பிழைத்தாலும் ஓரத்தால் காற்று நழுவும். சில பழைய ஃபேர்னஸ்கள் அந்த அளவு அடர்த்தியான வடிகட்டியின் வழியே காற்றை இழுக்கச் சிரமப்படும் என்பதால் முதலில் பராமரிப்பவரிடமோ வீட்டு உரிமையாளரிடமோ கேட்டுக்கொள்வது முறை. மூன்றாவது, ஹெப்பா என்ற, மிக நுண்ணிய துகளையும் பிடிக்கும் வடிகட்டியுள்ள காற்றுச் சுத்திகரிப்பான். அதன் பெட்டியில், சுத்தமான காற்றை எவ்வளவு வேகமாகத் தரும் என்பதைக் காட்டும் சி.ஏ.டி.ஆர். என்று மூன்று எண்கள் இருக்கும்; புகைக்குரிய எண், அறையின் சதுர அடிக்குச் சமமாகவாவது இருக்கவேண்டும். 12 அடிக்கு 12 அடி அறைக்கு 144. ஓசோன் உண்டாக்கும் கருவிகளை யார் மலிவாகத் தந்தாலும் வாங்கவேண்டாம், ஏனெனில் ஓசோனே நுரையீரலை உறுத்தும் வாயு.

சுத்திகரிப்பான் வாங்க வசதியில்லை என்றால் நீங்களே ஒன்றைச் செய்துகொள்ளலாம். 2020இல் றிச்சர்ட் கோர்சி, ஜிம் ரோசன்தால் ஆகிய இருவரின் பெயரில் பரவிய இந்தப் பெட்டிக்குத் தேவையானவை 20 அங்குலச் சதுர விசிறி ஒன்று, 20 அங்குலச் சதுர மேர்வ் 13 வடிகட்டிகள் நான்கு, ஒட்டும் டேப், விசிறி வந்த அட்டைப்பெட்டி. வடிகட்டிகளை நான்கு சுவர்களாக நிறுத்தும்போது அவற்றின் சட்டத்திலுள்ள அம்புக்குறிகள் யாவும் உட்புறம் நோக்கவேண்டும். இதைத்தான் பலர் பிழைவிடுகிறார்கள். அடியில் அட்டையை வைத்து, மேலே விசிறியைக் காற்று வானத்தை நோக்கி வீசும்படி படுக்கவைத்து, மூட்டுகள் எல்லாவற்றையும் டேப்பால் இடைவெளியின்றி ஒட்டுங்கள். விசிறியின் நான்கு மூலைகளையும் அட்டையால் மூடி, நடுவில் வட்டமாக மட்டும் திறந்துவிட்டால் இன்னும் நன்றாக இழுக்கும். பழைய விசிறியைப் பயன்படுத்தவேண்டாம். 2012க்குப் பின் வந்தவற்றில்தான் சூடேறினால் நின்றுவிடும் பாதுகாப்பு அமைப்பு இருக்கிறது. தோற்றத்தில் பார்சல் பெட்டிபோல இருந்தாலும் வேலை செய்வதில் கடைச்சரக்குக்குக் குறைந்ததல்ல.

மூன்றாவது படி: ஓர் அறையைத் தேர்ந்தெடுங்கள்

முழு வீட்டையும் காப்பாற்ற முயல்வதே புதியவர்கள் செய்யும் பெரிய பிழை. ஓர் அறை போதும். யன்னல் குறைந்த, எல்லோரும் படுக்கக்கூடிய, முடிந்தால் குளியலறை ஒட்டிய படுக்கையறையைத் தெரிவு செய்யுங்கள். சுத்திகரிப்பானை அங்கே வைத்து, முதல் ஒரு மணி நேரம் முழு வேகத்தில் ஓடவிட்டு, பிறகு சத்தம் பொறுக்கக்கூடிய வேகத்துக்குக் குறைத்து, இரவும் பகலும் நிறுத்தாமல் விடுங்கள். கதவை அடிக்கடி திறந்து மூடினால் ஒரு மணி நேர வேலை ஒரு நிமிடத்தில் வீணாகும்.

அதன்பின் வீட்டைச் சுற்றி ஒரு நடை நடந்து, வெளிக்காற்றை இழுக்கும் ஒவ்வொன்றையும் தேடுங்கள். எச்.ஆர்.வி. இருந்தால் நிறுத்துங்கள், அல்லது உட்சுற்று என்ற நிலைக்கு மாற்றுங்கள். சமையலறையிலும் குளியலறையிலும் இருக்கும் விசிறிகள் காற்றை வெளியே தள்ளும்போது, அந்த இடத்தை நிரப்ப வெளிக்காற்று சந்துபொந்துகளால் உள்ளே வரும்; ஆகவே தேவைக்கு மட்டும் போடவேண்டும். யன்னலில் பொருத்திய ஏசியில் வெளிக்காற்றை விடும் சிறு கதவு ஒன்று இருக்கும், அதை மூடுங்கள். ஒற்றைக் குழாய் உள்ள நகர்த்தும் ஏசி அறைக்காற்றை வெளியே ஊதுவதால் புகையை உள்ளே இழுக்கும். வேறு வழியில்லாவிட்டால் பக்கத்தில் சுத்திகரிப்பானை ஓடவிட்டபடி பயன்படுத்தலாம். நடுமையக் குளிரூட்டி உள்ள வீட்டில், சுவரிலுள்ள வெப்பக்கட்டுப்பாட்டுக் கருவியில் விசிறியை ‘தானாக’ என்பதிலிருந்து ‘எப்போதும்’ என்பதற்கு மாற்றினால், வீட்டுக்காற்று முழுவதும் மேர்வ் 13 வடிகட்டியின் வழியே திரும்பத் திரும்ப ஓடும்.

பேஸ்மன்றில் வாடகைக்கு இருப்பவர்களுக்கு இந்தக் கருவிகள் கைக்கெட்டாமல் மேல்மாடிக்காரரின் பூட்டிய அறையில் இருக்கலாம். அப்படியானால் புகை வருமுன்னரே, ஒரு கோப்பைத் தேநீருக்கு மேலே போய், எந்த எண்ணில் எதை நிறுத்துவது என்று கதைத்து வைத்துக்கொள்ளுங்கள். புகை வந்த இரவில் கதவைத் தட்டுவதைவிட அது இலகு. தொடர்மாடிக் கட்டடங்களில் நடைபாதைக்குத் தள்ளப்படும் காற்று கதவின் அடியால் வீட்டுக்குள் வரும். அந்த இடைவெளிக்கு ஒரு துவாய் போதும்.

சமையலும் சாமியறையும்

யன்னல் பூட்டிய வீட்டுக்குள் நாம் உண்டாக்கும் புகைக்கு வெளியேற வழி இல்லை என்பதை மறந்துவிடுகிறோம். தாளிதத்தில் கடுகு வெடித்து, செத்தல் மிளகாய் கருகும் அந்த இரண்டு நிமிடத்தில் சுத்திகரிப்பானின் பச்சை விளக்கு செம்மஞ்சளாகி, பிறகு சிவப்பாவதைப் பார்த்தால் விளங்கும். புகைநாட்களில் அவித்த சாப்பாடே நல்லது: இடியப்பம், பிட்டு, சொதி. பொரியலும் அப்பளமும் காத்திருக்கலாம். கறித்தூளுக்கு மிளகாய் மல்லி வறுப்பதை அந்த வாரத்தில் நினைக்கவே வேண்டாம். சாமியறையில் விளக்கு ஒன்று போதும். சாம்பிராணிக்கும் ஊதுபத்திக்கும் கற்பூரத்துக்கும் கடவுள் சில நாள் விடுமுறை தருவார் என்றே நம்புகிறேன். தூசு உறிஞ்சியில் ஹெப்பா வடிகட்டி இல்லையென்றால் அதுவும் படிந்த துகளை மறுபடி கிளப்பிவிடும் என்பதால், தரையை ஈரத்துணியால் துடையுங்கள்.

நான்காவது படி: வெளியே போகவேண்டியிருந்தால்

குறியீடு 4ஐ எட்டும்போதே முதியவர்கள், சிறுபிள்ளைகள், கர்ப்பிணிகள், ஆஸ்துமாவோ இதய நோயோ உள்ளவர்கள் வெளி வேலையைக் குறைக்கத் தொடங்கலாம். 7க்கு மேல் எல்லோருமே கடின உடலுழைப்பைத் தள்ளிப்போடவேண்டும். ஓடும்போது நாம் இழுக்கும் காற்று இருக்கும்போது இழுப்பதைப்போல் பல மடங்கு. கோடையில்தான் இங்கே கோயில் கொடியேற்றமும் தேரும், ஊர்ச்சங்க ஒன்றுகூடல்களும், பழைய மாணவர் சங்க விளையாட்டுப் போட்டிகளும் நடக்கின்றன. தேரைத் தள்ளிவைக்க யாராலும் இயலாது. ஆனால் எழுபது வயது அம்மாவை முழு வீதிக்கும் நடக்கவிடாமல், தேர் வாசலுக்குத் திரும்பும் நேரத்துக்கு மட்டும் கூட்டிக்கொண்டு போகலாம். துடுப்பாட்டப் போட்டியை நிச்சயமாகத் தள்ளிவைக்கலாம்.

என்95 கவசத்தின் இரண்டு பட்டிகளில் ஒன்று பிடரியில் தாழவும் மற்றது தலையின் உச்சிக்குச் சற்றுக் கீழேயும் நிற்கவேண்டும். மூக்குக் கம்பியை இரு கையாலும் அழுத்திவிட்டுப் பலமாக ஊதிப் பாருங்கள். கன்னத்திலோ கண்ணோரத்திலோ காற்றுப் பட்டால் பொருந்தவில்லை. தாடி இருந்தால் எந்தக் கவசமும் ஒழுகும். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கவசம் போடக்கூடாது. காரில் யன்னலை ஏற்றி, காற்றை உட்சுற்றில் விடுங்கள். நீண்ட பயணத்தில் தூக்கம் வராதிருக்க இடையிடையே சில நொடிகள் வெளிக்காற்றை விடுவதும் அவசியம்.

கூரை வேலை, தோட்ட வேலை, உணவு விநியோகம் என்று வெளியே உழைப்பவர்கள்தாம் புதிதாக வந்தவர்களில் அதிகம். வீட்டிலே இருங்கள் என்ற அறிவித்தல் அவர்களுக்குப் பசியாற்றாது. ஒன்ராறியோவின் தொழிலிடச் சுகாதாரச் சட்டம் உடலுக்கு ஆபத்தான வேலையை மறுக்கும் உரிமையைத் தொழிலாளருக்கு வழங்குகிறது. மறுக்கும் நிலைக்குப் போகுமுன், என்95 கவசமும் கூடுதல் இடைவேளையும் வேலையைப் புகை குறைந்த நேரத்துக்கு மாற்றும் வசதியும் கேட்பது பெரும்பாலும் பலன் தரும். அந்த நேரக் குறியீட்டைக் கைப்பேசியில் காட்டிக் கேளுங்கள்.

வெக்கையும் புகையும் ஒன்றாக வந்தால்

இதுதான் உண்மையிலேயே கடினமான நாள். யன்னலைப் பூட்டினால் வெக்கை, திறந்தால் புகை. இந்த இடத்தில் தயக்கம் வேண்டாம்: பெரும்பாலானோருக்கு, அதிலும் தனியாக வாழும் முதியவர்களுக்கு, உடல் சூடேறுவதே விரைவில் கொல்லும். 2021 ஜூன் கடைசியில் பிரிட்டிஷ் கொலம்பியாவைத் தாக்கிய வெப்பத்தில் 619 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலானோர் வீட்டுக்குள்ளேயே இறந்தார்கள். ஏசி இல்லாத வீடு தாங்க முடியாமல் சூடாகினால் நூலகத்துக்கோ சமூக நிலையத்துக்கோ அங்காடித் தொகுதிக்கோ போய்விடுங்கள். பெரிய கட்டடங்களில் குளிரும் கிடைக்கும், வடிகட்டிய காற்றும் கிடைக்கும். போக முடியாவிட்டால் யன்னலைத் திறந்து குளிர்ச்சியைத் தேடுங்கள், புகையைச் சுத்திகரிப்பான் பார்த்துக்கொள்ளட்டும்.

உடல் காட்டும் அறிகுறிகள்

கண் எரிவு, தொண்டைக் கரகரப்பு, வறட்டு இருமல், தலையிடி ஆகியவை பலருக்கும் வரும். சுத்தமான அறையில் இருந்து தண்ணீர் குடித்தால் பெரும்பாலும் தணியும். ஆஸ்துமாக்காரர்கள் இன்ஹேலரின் கையிருப்பை மே மாதத்திலேயே பார்த்து, புகைநாளில் என்ன செய்வது என்று மருத்துவரிடம் எழுத்தில் வாங்கி வைப்பது நல்லது. குடும்ப மருத்துவர் இன்னும் கிடைக்காதவர்கள் ஒன்ராறியோவில் 811ஐ அழைத்தால் தாதி ஒருவர் எந்நேரமும் பேசுவார். மூச்செடுக்க முடியாமை, நெஞ்சுநோ, உதடு நீலம்பாரித்தல், மயக்கம், குழப்பமான பேச்சு என்றால் 911. ஆங்கிலம் தடுமாறினால் ‘தமிழ்’ என்ற ஒரு சொல்லைத் தெளிவாகச் சொல்லுங்கள், மொழிபெயர்ப்பாளரை இணைப்பார்கள்.

புகை விலகிய பின்

குறியீடு 3க்கு இறங்கியதும் பலர் பழைய பயத்தில் யன்னலைத் திறக்காமலே இருப்பார்கள். அப்போது வீட்டுக்குள் இருக்கும் காற்றுத்தான் வெளியைவிட மோசமானது. எல்லா யன்னல்களையும் திறந்து, எச்.ஆர்.வி.யையும் விசிறிகளையும் மறுபடி போட்டு இரண்டு மணி நேரம் ஓடவிடுங்கள். திரைச்சீலைகளையும் தலையணை உறைகளையும் தோயுங்கள். கடைசியாக ஃபேர்னஸ் வடிகட்டியை வெளியே இழுத்துப் பாருங்கள். 2023 ஜூலை தொடக்கத்தில் நான் இழுத்த வடிகட்டி, மூன்று கிழமைக்கு முன் வெள்ளையாகப் போட்டது, திருநீற்றைக் குழைத்துப் பூசியதுபோலச் சாம்பல் நிறத்தில் வந்தது. அப்படி வந்தால் பருவம் முடியும்வரை காத்திராமல் மாற்றிவிடுங்கள். புதியதை வாங்கும்போது இரண்டாக வாங்குங்கள்.